கழுதை இறக்கம்

மாவு இன்னும் கொஞ்சம் தளர்வாக இருந்திருக்கலாம். ஆனால் தண்ணீர் சேர்த்தால் எண்ணெய் குடிக்கும், எண்ணெய் குடித்த முறுக்கு மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிக்கு வாடை அடிக்கும், கூட வருகிற மெஹர் மூக்கைச் சுளிப்பாள், லில்லி டீச்சர் மூக்கைச் சுளிக்காமல் தின்றுவிட்டு அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், ஆகையால் இறுக்கமாகவே இருந்து தொலையட்டும் என்று சாருமதி மாவை உருட்டி அச்சுக்குள் திணித்தாள். இறுக்கமான மாவைப் பிழியக் கையில் வலு வேண்டும். சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், எண்ணெய் காயட்டும். நாளை விடிந்தால் கிளம்ப வேண்டும். சேலத்திலிருந்து வேனில் சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு அடிவாரம் வரைக்கும், அங்கிருந்து கல்வராயன் மலைக்குள், தார் பார்க்காத ஜல்லி ரோடும் மண்தடமுமாக நாலு நாள், மூன்று பெண்கள், மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், கூட ஒரு ஆம்பிளை கிடையாது. "அண்ணி, காருதான் இருக்குல்ல, அதுல போய் ஜம்முனு பாத்துட்டு வரலாமே" என்று நாத்தனார் கேட்டபோது, "கார்ல போனா உன்னையும் கூட்டிட்டுப் போகணுமேம்மா" என்று சொல்லியாயிற்று. அதிலிருந்து நாத்தனார் போன் செய்யவில்லை. அந்த மட்டுக்கும் இந்தப் பயணத்தால் ஒரு லாபம். மேடையில் போன் மினுங்கியது. மெஹர்தான். பாங்க்கில் டோக்கன் கூப்பிடும் அதே குரலில் பேசி அனுப்பியிருந்தாள். "அக்கா, சாயங்காலத்துக்குள்ள வழியை முடிவு பண்ணிச் சொல்லிடுங்க. மலைக்கு அந்தப் பக்கம் தங்கறதுக்கு அந்தப் பொன்னுத்தாயம்மாகிட்ட நாள் சொல்லணும்ல. கழுதை இறக்கம் வழியாவா, இல்ல சுத்து ரோடா? நீங்க சொல்றதுதான் சட்டம்." நான் சொல்வதுதான் சட்டம். சொல்லித் தொலைத்திருக்கிறேன், எத்தனையோ தடவை. எண்ணெயில் ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மேலே வருவேனா என்றது.

வழி அவள் போட்ட வழி. வேறு யாரும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. மாதக்கணக்காக, மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கவிழ்த்த பிறகு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு போனில் அந்த மலையை விரல் நுனியால் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள், பெண் எடுக்கப் போகிற வீட்டைப் பார்ப்பதுபோல. எங்கே தண்ணீர், எங்கே டீக்கடை, எங்கே போன் எடுக்காது, எந்தத் தடம் படத்தில் மட்டும் இருந்துகொண்டு நேரில் யாருடைய மரவள்ளிக் காட்டுக்குள்ளேயோ போய் முடிகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணவர் ஞானவேலு ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க இருக்கறவங்களுக்கே இவ்வளவு தெரியாது சாரு" என்றார். அங்கே இருப்பவர்களுக்கு இது தெரிய வேண்டிய அவசியம் என்ன, அவர்கள்தான் அங்கேயே இருக்கிறார்களே என்று அவள் சொன்னாள். அந்த மனுஷரைப் பேச்சில் முந்துவது சுலபம், அதனாலேயே அதில் ருசி இல்லை. சைக்கிள்கூட சொந்தமாக வாங்கியது அல்ல. பெங்களூரில் மகள் யாழினி உடம்பைக் குறைக்கிறேன் என்று வாங்கி, ஒரே மாதத்தில் சலித்துப்போய், "ம்மா, பால்கனில இடத்தை அடைக்குது" என்று வேனில் ஏற்றி அனுப்பிய சைக்கிள். தடித்த டயர், ஆட்டுக்கடா கொம்புபோல் கீழே வளைந்த கைப்பிடி, அந்த வளைவுக்குள் விரல்களை நீட்டிப் பிடிக்கிற பிரேக். அதில் முதல்முதலாக ஏறியபோது கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலால் முதுகைத் தட்டி நிமிர்த்தியதெல்லாம் வீணாகி, உடம்பு தானாகக் குனிந்தது. குனிந்தால் இவ்வளவு வேகம் வரும் என்று அந்த சிஸ்டர் ஒருநாளும் சொல்லவில்லை. வழியில் இருக்கிற ஒரே வம்பு கழுதை இறக்கம். மலையின் மேல்முகத்திலிருந்து மறுபக்கப் பள்ளத்தாக்குக்கு, வளைந்து வளைந்து விழுகிற தடம். யாரோ ஒரு பையன் தலையில் கேமரா கட்டிக்கொண்டு இறங்கிய படத்தை மூவரும் பார்த்தார்கள். தேங்காய் அளவுக் கற்கள், நடுவில் மழைத் தண்ணீர் அறுத்த வாய்க்கால், ஓரத்தில் ஒன்றுமே இல்லை. அதை விட்டுவிட்டு லாரி ரோட்டில் சுற்றிப் போனால் ஒரு பகல் முழுக்கப் புகையைத் தின்ன வேண்டும். லில்லி டீச்சர்தான் முதலில் இழுத்தாள், "சுத்தியே போயிடலாமே சாரு" என்று. "நீங்க பி.டி. டீச்சரா, பிரேயர் டீச்சரா?" என்று இவள் கேட்டாள். மெஹர் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை, ஆனால் சரி என்று சொல்லிவிட்டாள். இப்போது அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. மாவுத் துளி மேலே வந்துவிட்டது. எண்ணெய் தயார். கை?

முதலில் காபி குடிக்கலாம். காபித்தூள் டப்பாவை எடுத்தாள், மூடி கையோடு வந்தது. பார், பார் இதை. சும்மா மேலே வைத்திருக்கிறது, திருகவில்லை. வாசனை பாதி போயிருக்கும். சர்க்கரை டப்பாவும் இதே கதி, போன வாரம் எறும்பு வரிசை கட்டியது, வெயிலில் வைத்துப் புடைத்து எடுத்தாள். மாங்காய்த் தொக்கு ஜாடி, நல்லெண்ணெய் பாட்டில், தலைவலித் தைல டப்பி, எதைத் தொட்டாலும் மூடி தொளதொளவென்று. ஆலையில் முப்பது வருஷம் வால்வு திருகின கை அவருடையது. முன்பெல்லாம் அவர் மூடிய குழாயைத் திறக்கப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டோடு வந்த பிறகு மனுஷனுக்குத் திருகு மறை கழன்றுவிட்டதோ என்னவோ. கேட்டால் "ஓ, அப்படியா" என்பார். அந்த ஓ அப்படியாவுக்காகவே ஒரு பெண் வீட்டை விட்டு மலைக்குப் போகலாம். அவள் போகிற நாலு நாளுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அரைத்து வைத்த மாவு, எல்லாம் நிரப்பியாயிற்று. ஊருக்குக் கிளம்புகிற பொம்பளை முதலில் டப்பாக்களை நிரப்ப வேண்டும், பிறகுதான் பையை. ஆம்பிளை கிளம்பினால் செருப்பை மாட்டுவதோடு சரி. இவர் மூடி வைக்கிற லட்சணத்தில் அவள் திரும்பி வருவதற்குள் பருப்புப்பொடியில் எறும்பு சம்சாரம் நடத்தும். காபியை இடது கையால் எடுத்துக் குடித்தாள். இடது கையால். எப்போதிலிருந்து இப்படி? யாரும் பார்க்காதபோது மட்டும் என்று நினைத்தது, இப்போது யாரும் பார்க்காவிட்டாலும் பார்த்தாலும் அதுவே பழகிவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்துப்போய், பஞ்சுக்குள் இருக்கிற மாதிரி, இருக்கிறது ஆனால் அங்கே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, கல்குவாரி ரோட்டில் பழகும்போது, சின்ன இறக்கம்தான், பிரேக்கைப் பிடித்திருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், பிடித்திருக்கவில்லை. விரல் அங்கேதான் கிடந்தது, அழுத்தவில்லை, அழுத்தவில்லை என்று அவளுக்குச் சொல்லவும் இல்லை. வலது கைதான் முன் பிரேக். வேலிகாத்தான் புதருக்குள் போய் நின்றாள். பின்னால் வந்த மெஹர் ஒரு முழ இடைவெளியில் தப்பினாள், "அக்கா! என்னாச்சு?" என்று பதறினாள். "என்ன ஆகணும்? பொம்பளைக்கு ஒதுங்கக்கூட உரிமையில்லையா?" என்று சொல்லிக் குந்துகிற பாவனையாகப் புதருக்குப் பின்னால் போய் நின்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். எப்போதும் அவள்தான் முன்னால் போகிறவள். வழி தெரிந்தவள் முன்னால், மற்றவர்கள் அவள் தடத்தில். கழுதை இறக்கத்திலும் அப்படித்தான் போவார்கள். அவள் விழுந்தால் அவளோடு முடியாது. மெஹருக்கு எட்டாவது படிக்கிற பெண் இருக்கிறாள், அந்தப் பெண்ணின் பெயர், பெயர் என்ன, நூரா, நூரியா, நேற்றுகூடச் சொன்னாளே.

அம்மாவுக்கும் டம்ளரில்தான் ஆரம்பித்தது. மோர் டம்ளர். கையிலிருந்து நழுவி விழுந்தது, அம்மா அதைப் பார்த்து, "அட, விழுந்துருச்சே" என்று சிரித்தாள், ஏதோ பக்கத்து வீட்டுக் குழந்தை கீழே போட்ட மாதிரி. அப்புறம் அந்தப் பக்கமே விழுந்தது. ஆறு வருஷம் படுக்கை. சாருமதிதான் கரைத்து ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் போட்டாள், தம்பி பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆப்பிள் வாங்கி வந்தாள், மெல்ல முடியாதவளுக்கு ஆப்பிள். ஆறு வருஷமும் அம்மா ஜன்னல் வழியாக ஒரே ஒரு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு காற்றில் முறிந்தது. இல்லை, இது அது இல்லை, டாக்டர் சொல்லியாயிற்று. யாரிடமும் சொல்லாமல், ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சின்ன வயசு டாக்டர், மணிக்கட்டை மடக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, பக்கவாதம் எல்லாம் இல்லைம்மா, தூங்கும்போது பட்டை போட்டுக்கொள்ளுங்கள், கைக்கு வேலை கொடுக்காதீர்கள், குறையாவிட்டால் சின்னதாக ஒரு ஆபரேஷன் என்றான். "கையால அழுத்திப் பிடிக்கற வேலை ஏதாவது பண்றீங்களா? வீட்டு வேலைதானே?" வீட்டு வேலைதானே. அந்த தானேவில் ஒரு அறை விட்டிருக்கலாம், கை மரத்திருந்தது. சைக்கிளைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை, இந்த வயசு அம்மாவிடம் யார் கேட்பார்கள். பட்டையைத் தலையணை உறைக்குள் மறைத்து வைத்து, அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் மாட்டி, அவர் எழுவதற்கு முன் கழற்றுகிறாள், கள்ளப் புருஷனை அனுப்புவதுபோல. இது அது இல்லை என்று தெரியும். தெரிந்தும் டம்ளர் நழுவும்போதெல்லாம் முருங்கை மரம் தெரிகிறது. இந்த வருஷம் போகாவிட்டால் அடுத்த வருஷம் கை இருக்குமா, அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்குமா, மலை அங்கேயேதான் இருக்கும், அதற்கென்ன, அது யாருக்காகக் காத்திருக்கிறது. சொல்லிவிட்டால்? "ஐயோ அக்கா, அப்ப நீங்க வர வேண்டாம்" என்பாள் மெஹர், உண்மையான அக்கறையோடு, அந்த அக்கறையைத்தான் தாங்க முடியாது. நாத்தனார் போன் செய்வாள், அதற்கு மட்டும் உடனே செய்வாள். அவர் "ஓ, அப்படியா" என்பார். சொல்லாவிட்டால் கழுதை இறக்கம்.

அச்சை எண்ணெய்க்கு மேலே பிடித்து இரண்டு கையாலும் அழுத்தினாள். இரண்டு பக்கமும் பிடி வைத்த பித்தளை அச்சு, இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து நெருக்கினால்தான் மாவு இறங்கும், கிட்டத்தட்ட பிரேக் மாதிரியேதான், யோசித்துப் பார்த்தால். சனியன், யோசிக்காதே. மாவு கொஞ்சம் எட்டிப் பார்த்தது, நின்றது. இன்னும் அழுத்தினாள். இடது பக்கம் இறங்கியது, வலது பக்கம் அப்படியே இருந்தது, அச்சு சாய்ந்து, கையை விட்டுப் போய், வாணலி விளிம்பில் மோதித் தரையில் விழுந்தது. எண்ணெய் ஒரு வீச்சு வீசி அடுப்பு மேடையெல்லாம் தெறித்தது. வலது விரலில் இரண்டு சொட்டு. சுடவில்லை. சுட்டிருக்க வேண்டும், தோல் சிவக்கிறது, சுடவில்லை. சாருமதி அடுப்பை அணைத்தாள். கையைக் குழாயடியில் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஆக முடிந்தது. போகவில்லை. அவ்வளவுதானே, உலகம் இருண்டுவிடுமா, எத்தனை பேர் மலைக்குப் போகாமலே செத்துப்போகிறார்கள். மெஹரிடம் என்ன சொல்வது? அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம். காய்ச்சல் சரிப்படாது, மெஹர் மாத்திரையோடு வந்து நிற்பாள். யாழினி வருகிறாள், பெண் பார்க்க வருகிறார்கள். அதுவும் வேண்டாம், கடைசியில் அது நிஜமாகிவிட்டால் வம்பு. பொய்யைத் தேடியபடியே கூடத்துக்கு வந்தாள். சுவரில் சாய்ந்து சைக்கிள் நின்றது, அதன் காலடியில் இரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்து அடுக்கிய பை. ஞானவேலு ஈஸிச்சேரில் பேப்பரை மூஞ்சியில் போட்டுக்கொண்டு தூங்கினார். எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவோம், கண்ணில் படாமல் இருந்தாலே பாதி நிம்மதி என்று பையைத் திறந்து மழைக்கோட்டை இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள், பிசினில் ஒட்டியதுபோல் நூல் நூலாக வெள்ளையாக வந்தது. மழைக்கோட்டு, மாற்று சல்வார், டார்ச், எல்லாம் ஒரே வெள்ளைக் கோந்து. டயருக்குள் ஊற்றுகிற திரவம், முள் குத்தினால் தானே போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் கொடுத்த பாட்டில், மழைக்கோட்டில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தாள், நேற்று அவளே மூடியைச் சரிபார்த்தாள், இப்போது மூடி தொளதொளவென்று. சர்க்கரை டப்பா மாதிரி. காபித்தூள் டப்பா மாதிரி.

"ஏங்க!" பேப்பர் பறந்தது. "இதையுமா? என் பையில உங்களுக்கு என்ன வேலை? ஒரு மூடி, உலகத்துல ஒரே ஒரு மூடியைச் சொன்னபடி மூடி வைக்க மாட்டீங்களா? இது என்ன சர்க்கரை டப்பாவா எறும்பு வந்தா தட்டி விட?" அவர் எழுந்து வந்து பாட்டிலைப் பார்த்தார், பையைப் பார்த்தார், விரலால் அந்த வெள்ளையைத் தொட்டார், விரலும் ஒட்டிக்கொண்டது. "இது ஒழுகுமா? நான் கெட்டியா இருக்கும்னு நெனைச்சேன்." "எதுக்குத் திறந்தீங்க?" "திறக்கலை. அரைத் திருகு தளர்த்தி வெச்சேன்." "அதான் எதுக்கு?" ஞானவேலு ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்தார், வேட்டியும் ஒட்டியது. "வீட்டுலன்னா நான் இருக்கேன். மலையில யாரு தளர்த்தி வெப்பா? நீ யாரையும் கேக்கவும் மாட்டே." பாட்டிலின் தளர்ந்த மூடியை அவள் இடது கையால் திருகிப் பார்த்தாள். சர்க்கரை டப்பா. தொக்கு ஜாடி. நல்லெண்ணெய். தைல டப்பி, தைல டப்பிகூட. திருகத் தெரியாத மனுஷன் என்று அவள் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் எழுவதற்கு முன்னே இந்த ஆள் சமையலறைக்குள் போய், ஒவ்வொரு மூடியாக, வால்வு திருகின கையால், அளந்து, அரைத் திருகு. "எப்பத்துலேர்ந்து?" என்றாள். "ஒரு நா தேங்காயெண்ணெய் பாட்டிலைத் துப்பட்டாவால சுத்திப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திருகினியே, அன்னையிலேர்ந்து. அந்தக் கைப்பட்டையையும் உறைக்குள்ள அமுக்கி வெக்காதே, வளைஞ்சு போகுது." "தெரிஞ்சும் போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க." "சொல்லியிருந்தா நாளைக்குப் பதிலா நேத்தே கிளம்பியிருப்பே. இல்லேன்னா முறுக்குக்குப் பதிலா என்னைப் பொரிச்சிருப்பே." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பயமாத்தான் இருக்கு சாரு. ராத்திரி தூக்கம் வர்றதில்ல" என்றார். அப்படியானால் அந்தக் குறட்டை?

அவர் பக்கெட்டில் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவரப் போனார். சாருமதி தரையில் உட்கார்ந்து போனை இடது கையில் எடுத்தாள், யோசித்தால் பொய் வந்துவிடும், யோசிக்காமல் அழுத்தினாள். "மெஹர், டீச்சர், ரெண்டு பேரும் கேளுங்க. எனக்கு வலது கை சரியில்ல. ரெண்டு மாசமா மரத்துப் போகுது. அன்னைக்குப் புதருக்குள்ள நான் ஒதுங்கல, பிரேக் பிடிக்க முடியாமப் போய் விழுந்தேன். கழுதை இறக்கத்துல என்னால ஓட்ட முடியாது, இறங்கித் தள்ளிக்கிட்டு நடந்துதான் வருவேன், லேட்டாகும். டீச்சர் முன்னாடி போகட்டும், நான் கடைசி. அதுக்கு நீங்க காத்திருக்க முடியும்னா நான் வரேன். இல்லேன்னா இல்லைன்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் அழ மாட்டேன்." கையை எடுத்தாள், போய்விட்டது. இரண்டு டிக் விழுந்தது. இனி பிடிக்க முடியாது. கேட்டுவிட்டார்களா, கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, டீச்சர் அந்தப் பிரேயர் டீச்சரை இன்னும் மறந்திருக்க மாட்டாள், மறக்க அவள் என்ன சாமியாரா, நானாக இருந்தால் மறப்பேனா. சமையலறையில் டப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால், துணியும் பக்கெட்டும் ஓரமாகக் கிடக்க, அவர் அச்சைக் கழுவி மாவைத் திணித்து அடுப்பையும் பற்ற வைத்துவிட்டார். ஒரே அழுத்து, மாவு எண்ணெயில் குப்பென்று மொத்தமாக விழுந்தது. "சுத்தணுங்க, கையைச் சுத்தணும். இது முறுக்கா மண்புழுவா?" "தின்னா வயித்துக்குள்ள சுத்திக்கும்" என்றார். அடுத்தது கொஞ்சம் தேவலை. அதற்கடுத்தது வட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் ஜல்லிக்கரண்டியை இடது கையில் பிடித்துத் திருப்பிப் போட்டாள். போன் பேசியபோது தட்டு பாதி நிறைந்திருந்தது. முதலில் ஒரு மூச்சு, பிறகு மெஹர். "அக்கா... இது நீங்கதானா? டீச்சர் இங்க பாங்க்குலதான் இருக்காங்க, சேர்ந்துதான் கேட்டோம். டீச்சர்தான், சாருவுக்காக ஒருநாள் நான் முன்னாடி போய் நிக்கணும்னு இருந்தேன், காத்திருக்கேன்னு சொல்லுன்னாங்க. நான் மட்டும் என்ன, அங்க ஓட்டற தைரியம் எனக்கும் கிடையாது, உங்க வாய்க்குப் பயந்துதான் தலையாட்டினேன். பொன்னுத்தாயம்மாகிட்ட இருட்டினப்புறம் வருவோம்னு சொல்லிடறேன்." பின்னால், தூரத்தில், டீச்சரின் குரல்: "முறுக்கு உண்டான்னு கேளு." சாருமதி மூக்கை உறிஞ்சினாள், புகை என்று நினைத்துக்கொள்ளட்டும். மழைக்கோட்டு போனது போனதுதான், அவருடைய பழைய ஆலைக் கோட்டை எடுத்துக்கொள்ளலாம், இரண்டு ஆள் நுழையலாம் அதில். ஆறிய முறுக்கை அவர் திருகு மூடி வைத்த எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, மூடியைத் திருகி, முழுக்கத் திருகி, பழக்கத்தில் அரைத் திருகு திரும்பத் தளர்த்தினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க," என்றாள். "அதை நல்லா இறுக்கி மூடுங்க. நமுத்துடும். அங்க மெஹர் இருக்கா, கேட்டா திறந்து குடுப்பா."